பெட்டரி லைட்டை கரண்டில் எரிய வைக்கலாமா?

கேள்வி: தீபாவளிக்கு ஹட்டன் டவுனில் மூன்று பெட்டரி போடுகிற சோடனை லைட் வாங்கினேன். சாமி படத்துக்கு ஒன்று, இஸ்தோப்புக்கு ஒன்று. மூன்று இரவு எரிந்தால் மங்கிப் போகிறது, பெட்டரி வாங்கியே சல்லி கரைகிறது. வயரை வெட்டி நேரே பிளக்கில் மாட்டினால் போதும் என்கிறான் தம்பி. பக்கத்துக் காம்பரா அண்ணன் பழைய போன் சார்ஜரில் கொடுக்கலாம் என்கிறார். எதைச் செய்வது?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: அண்ணன் சொன்ன வழிதான். தம்பியை அந்த வேலைக்கு விடவே விடாதீர்கள். மூன்று பெட்டரி சேர்ந்து தருவது 4.5 வோல்ட், சுவரில் வருவது 230 வோல்ட், அதாவது ஐம்பது மடங்கு. லைட் எரிந்து போவது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த முடி போன்ற செப்புக் கம்பியின் மேல் இருப்பது வெறும் வார்னிஷ் பூச்சு. அதில் 230 வோல்ட்டை விட்டுவிட்டு சாமி படத்தில் சுற்றினால், பூப்போட வருகிற கை முதலில் தொடுவது அதைத்தான்.

போன் சார்ஜர் 5 வோல்ட் தருகிறது. புது பெட்டரி மூன்றை மீட்டரில் அளந்தால் 4.8 வரை காட்டும், அதனால் கிட்டத்தட்ட சரி என்று தோன்றும். ஆனால் பெட்டரி எரிய எரிய இறங்கும், லைட் இழுக்கும்போது கொஞ்சம் தளரும். சார்ஜர் தளராது, விடிய விடிய அதே 5 வோல்ட்டில் நிற்கும். சில மலிவு லைட்டுகளைச் செய்கிறவர்கள் பெட்டரி தளரும் என்ற நம்பிக்கையிலேயே கரண்டைக் கட்டுப்படுத்துகிற ரெசிஸ்டர் வைக்காமல் விட்டுவிடுகிறார்கள், அப்படிப்பட்டதைச் சார்ஜரில் போட்டால் முதல் நாள் பளிச்சென்று எரியும், கொஞ்ச நாளில் பல்பு ஒவ்வொன்றாகக் கருகும்.

அதனால் முதலில் பெட்டரிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். நிற வளையம் போட்ட சின்ன உருளையோ, எண் எழுதிய கறுப்புப் பொட்டோ வயர் வழியில் இருந்தால் ரெசிஸ்டர் இருக்கிறது. அப்போது ரேடியோ திருத்தும் கடையில் 1என்4007 என்று கேட்டு ஒரு டயோட் வாங்கி, பிளஸ் வயரில், வெள்ளிக் கோடு லைட் பக்கம் பார்க்க வைத்து ஈயம் வைத்தால் 0.7 வோல்ட் குறைந்து 4.3 ஆகிவிடும். வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, லைட்டுக்கு ஆயுள் கூடும். ரெசிஸ்டர் இல்லை என்றால், புது பெட்டரியில் எத்தனை மில்லி அம்பியர் இழுக்கிறது என்று அந்தக் கடையிலேயே அளக்கச் சொல்லுங்கள். பிறகு சார்ஜரோடு 47 ஓம், அப்புறம் 22, அப்புறம் 10 என்று அரை வாட் ரெசிஸ்டராக இறங்கி வந்து, அந்த அளவைத் தாண்டாத இடத்தில் நிறுத்த வேண்டும். கீழிருந்து மேலே போகக் கூடாது.

வயரை எங்கே தொடுவது? பெட்டிக்குள் தகடுகள் ஜோடி ஜோடியாகச் சேர்ந்திருக்கும். ஜோடி சேராமல் தனியே நிற்கிற ஸ்பிரிங் மைனஸ், தனியே நிற்கிற தட்டைத் தகடு பிளஸ். அந்த இரண்டிலும் ஈயம் வைத்தால் பெட்டியில் உள்ள சுவிட்சும் டைமரும் பழையபடி வேலை செய்யும். சார்ஜர் வயரைப் பிரித்தால் பெரும்பாலும் சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ், ஆனாலும் மீட்டரில் பார்க்காமல் நம்பாதீர்கள். பச்சையும் வெள்ளையும் வேண்டாம், டேப் சுற்றி ஒதுக்குங்கள். நீள்சதுர வாய் உள்ள பழைய சார்ஜராகப் பாருங்கள், புதிய சீ வாய் சார்ஜர் எதிரே போன் இருப்பது தெரியாவிட்டால் கரண்டே விடாது. அப்புறம் முக்கியமாக, பெட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்து இருந்தால் சாதாரண பெட்டரிக்குள் சார்ஜ் ஏறி ஒழுகும், வெடிக்கவும் கூடும்.

மின் கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். இப்படியான லைட் 100 மில்லி அம்பியர் இழுக்கிறது என்று வைத்தால் அரை வாட்தான், தினம் ஆறு மணித்தியாலம் எரித்தாலும் மாதத்துக்கு ஒரு யூனிட் வராது.

கேள்வி: பட்டன் பெட்டரி இரண்டு போடுகிற குட்டி லைட்டையும் இப்படி மாற்றலாமா? வீட்டில் பழைய 6 வோல்ட் அடாப்டர் ஒன்று கிடக்கிறது.
– வாசகர், நானுஓயா

பதில்: அந்த அடாப்டரை ஒதுக்கி வைத்துவிடுங்கள். கனமான, உள்ளே டிரான்ஸ்போமர் இருக்கிற பழைய வகையாக இருந்தால் சின்ன லைட்டைப் போடும்போது 6 என்று எழுதியிருந்தாலும் 8, 9 வரை ஏறி நிற்கும். பட்டன் பெட்டரி லைட்டில் அனேகமாக ரெசிஸ்டரே இருக்காது, பெட்டரிக்குள் இருக்கும் தடைதான் அதைக் காப்பாற்றுகிறது. 5 வோல்ட் சார்ஜரோடு 100 ஓமில் தொடங்குங்கள், மங்கலாக இருந்தால் 47 வரை இறங்கலாம்.

கேள்வி: லயத்து இஸ்தோப்பில், மழைச் சாரல் படுகிற இடத்தில் போடலாமா? எங்கள் வீட்டில் சதுர ஓட்டை பிளக்தான் இருக்கிறது, சார்ஜரில் இரண்டு உருண்டை முள்.
– வாசகி, தலவாக்கலை

பதில்: லைட் வெளியே, சார்ஜர் உள்ளே. 5 வோல்ட் வயர் மட்டும் ஜன்னல் வழியாக வரட்டும், தகரக் கூரையில் ஆணியில் கட்டாமல் நூலில் கட்டுங்கள். மேல் ஓட்டையில் பேனா மூடியைக் குத்தித் திறந்து இரண்டு முள்ளைத் திணிக்கிற பழக்கத்தை நம் வீடுகளில் இன்னும் பார்க்கிறேன், வேதனையாக இருக்கிறது. அந்தப் பிடி தளர்ந்து சூடேறி பிளக் உருகும். சதுர முள் சார்ஜர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற ட்ரிப் சுவிட்ச் இருந்தால் டெஸ்ட் பட்டனை அழுத்தி விழுகிறதா பாருங்கள், விழாவிட்டால் லைட்டை விட்டுவிட்டு முதலில் வயரிங் பாஸைக் கூப்பிடுங்கள். தீபாவளி வருகிற ஒக்டோபர், நவம்பரில்தான் பின்னேரம் இடியும் வரும். முழங்கத் தொடங்கும் முன்பே சார்ஜரைக் கழற்றி வையுங்கள், முழங்கும்போது பிளக்கைத் தொட வேண்டாம்.