மகள் வாங்கித் தந்த செருப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்

ஆலோசகர் அவர்களுக்கு வணக்கம்.

எனக்கு வயது 50. பழைய வண்ணாரப்பேட்டையில் சொந்த வீடு. இன்சூரன்ஸ் அலுவலகம் ஒன்றில் அதிகாரியாக இருக்கிறேன். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. பிடித்தமெல்லாம் போக இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் ஒன்றே முக்கால் லட்சம் கைக்கு வருகிறது. வீட்டுக் கடன் நான்கு வருடம் முன்பே முடிந்தது. பையன் பெங்களூரில் வேலையில் இருக்கிறான். பெண் கல்லூரியில் கடைசி வருடம். எங்களுக்குப் பணக் கஷ்டம் இல்லை என்பது எனக்கும் தெரியும், அதற்காகத்தான் இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

என் செலவுக் கணக்கைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை காசிமேடு மீன் சந்தைக்குக் கூட்டம் கலையும் நேரம் பார்த்துத்தான் போவேன், கூறு விலை இறங்கியிருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் வஞ்சிரம் இருக்கும் பக்கமே திரும்ப மாட்டேன். ஃபைபர் போட்டில் வரும் மத்தியும் நெத்திலியும் போதும். அங்கே மீன் வெட்டித் தரும் அம்மாவிடம் கொடுக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து நானே ஆய்ந்துவிடுவேன். "இன்னாக்கா, ஆபீசருன்ற, பத்து ரூபாய்க்கு இவ்ளோ பேசற" என்று மீன்காரம்மா கேட்பார். எனக்கும் சிரிப்பு வரும், ஆனால் பத்து ரூபாயை விடமாட்டேன். ரேஷனில் கிலோ 30 ரூபாய்த் துவரம் பருப்பையும் லிட்டர் 25 ரூபாய்ப் பாமாயிலையும் ஒரு மாதம்கூட விட்டதில்லை. துணி என்றால் எம்.சி. ரோடு, அதுவும் ஆடியில்.

இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கரண்ட் ரேட் ஏறிவிடும். அதனால் வாரம் ஒருமுறை மீட்டரைப் பார்த்துக் காலண்டரில் குறித்து வைக்கிறேன். 480 ஆகிவிட்டால் ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து ஏ.சி.யை அணைப்பேன். கணவர் வியர்த்து விழித்து மறுபடி போடுவார். இதனால் எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை.

போன மாதம் நடந்ததுதான் மனதை அறுக்கிறது. பெண் ஒரு கம்பெனிக்கு இன்டர்ன்ஷிப் போகிறாள். முதல் ஸ்டைபெண்டில் எனக்கு 2,400 ரூபாய்க்குச் செருப்பு வாங்கி வந்தாள். குதிகால் வலி என்று நான் புலம்பியதைக் காதில் வாங்கியிருக்கிறாள். உள்ளே மெத்தென்று இருந்தது. வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பார்த்தேன். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. எம்.சி. ரோட்டில் 350 ரூபாய்க்கு வாங்கிய பழசு இன்னும் தேயவே இல்லையே என்று ஓடிக்கொண்டே இருந்தது. மறுநாள் பில்லைத் தேடி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பணமாகத் தர மாட்டோம், வேறு பொருள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பெண்ணுக்கு ஒரு ஜோடி ஷூவும், வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் பையனுக்கு ஸ்கூல் ஷூவும் எடுத்தேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடுதான் வீட்டுக்கு வந்தேன்.

பெண் பெட்டியைத் திறந்து பார்த்தாள். "உனக்குன்னு வாங்கினேம்மா" என்றாள். அவ்வளவுதான். மூன்று வாரமாகக் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள். அந்த ஷூவைத் தொடவே இல்லை.

என் அப்பா பின்னி மில் தொழிலாளி. 1996-இல் மில்லை மூடியபோது எனக்கு 21 வயது. அப்புறம் நான் வேலைக்குப் போகும்வரை இரண்டு வருடம் அம்மா எப்படிக் குடும்பத்தை ஓட்டினார் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. அப்பா மில்லிலிருந்து வாங்கி வைத்திருந்த காக்கித் துணியில் அம்மா தைத்த பையைத்தான் இப்போதும் மார்க்கெட்டுக்கு எடுத்துப் போகிறேன். கைப்பிடியை மூன்று முறை மாற்றியாயிற்று. அம்மா 2019-இல் தவறிவிட்டார். டிரங்குப் பெட்டியைத் திறந்தால், நாங்கள் வாங்கிக் கொடுத்த புடவைகளில் ஏழு மடிப்புக் கலையாமல் இருந்தன. ஒன்றின் மடிப்புக்குள் பழைய 500 ரூபாய் நோட்டு 22. அம்மாவின் சிறுவாடு. 2016 நவம்பரில் அந்த நோட்டு செல்லாது என்று அறிவித்தபோதுகூட எங்களிடம் அவர் மூச்சு விடவில்லை.

நான் கஞ்சமா? இல்லை, இது ஏதாவது மனநோயா? கணவர் சிரித்துக்கொண்டே "வியாதிதான்" என்கிறார்.

அப்புறம் இன்னொன்று. எட்டு மாதம் முன்பு கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால் செய்தேன். கேப் போட 6,000 ரூபாய் என்றார்கள். இன்னும் போடவில்லை. ஒரு பக்கமாகவே மென்று பழகிவிட்டது.

— பெயர் வேண்டாம், பழைய வண்ணாரப்பேட்டை

* * *

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பல். ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல் கேப் இல்லாமல் இருந்தால் மெல்லும்போது பிளந்துவிடக்கூடும். அடிவரை பிளந்துவிட்டால் பிடுங்குவதைத் தவிர வழியிருக்காது. அதன் பிறகு இம்ப்ளான்ட் என்று போனால் இந்த 6,000 எத்தனை மடங்காகும் என்று விசாரித்துப் பாருங்கள். உங்கள் கணக்குப்படியே இது நஷ்டம். இந்த வாரமே டாக்டரிடம் நேரம் வாங்கிவிடுங்கள்.

பல்லை முதலில் எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. என்னிடம் வருகிறவர்கள் பலர் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, எழுந்து வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் முக்கியமானதைச் சொல்வார்கள். நீங்களும் கேள்வியெல்லாம் கேட்டு முடித்த பிறகு 'அப்புறம் இன்னொன்று' என்று அதைச் சேர்த்திருக்கிறீர்கள்.

நீங்கள் கஞ்சம் இல்லை. வேலைக்கார அக்காவின் பையனுக்கு ஷூ வாங்கும்போது உங்கள் கை தயங்கவே இல்லையே. மனநோயா என்பதை ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் கடிதத்தை இரண்டு முறை படித்ததில் ஒன்று தெரிகிறது. காசிமேட்டைப் பற்றி எழுதும்போது உங்கள் எழுத்தில் ஒரு துள்ளல் இருக்கிறது. மீன்காரம்மாவோடு பேரம் பேசுவதை நீங்கள் ரசிக்கிறீர்கள், அவரும் ரசிக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். ஏ.சி.யைப் பற்றி எழுதும்போது அந்தத் துள்ளல் இல்லை. செருப்பு விஷயத்தில் தூக்கமே போய்விட்டது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு மூன்றும் சிக்கனம்தான். உள்ளே மீன் ஒரு ஜாதி, மற்ற இரண்டும் வேறு ஜாதி.

இந்த வித்தியாசத்தை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்காட் ரிக் என்பவரும் இன்னும் இரண்டு பேரும் 13,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு 2008-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மிச்சம் பிடிப்பதில் சந்தோஷப்படுகிறவர்கள் ஒரு ரகம். காசை எடுத்து நீட்டும் அந்த நொடியில் வலிப்பதால் செலவு செய்யாமல் விட்டுவிடுகிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டாம் ரகத்தினர், செலவு செய்திருக்கலாமே என்று தங்களுக்கே தோன்றும் இடத்தில்கூடக் கையை இழுத்துக்கொள்வார்கள். டிவிடி ஒன்றைச் சீக்கிரம் அனுப்பி வைக்க '5 டாலர் கட்டணம்' என்று எழுதியிருந்தால் ஒத்துக்கொள்ளாத சிலர், 'சின்ன 5 டாலர் கட்டணம்' என்று எழுதியதும் ஒத்துக்கொண்டார்களாம். தொகை அதேதான். வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் மீன் சந்தையில் முதல் ரகம், உங்களுக்கென்று வாங்கும்போது இரண்டாம் ரகம்.

அம்மாவின் 22 நோட்டுக்கு வருகிறேன். அந்த 11,000 ரூபாய் வீணாகிப் போனது என்று எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். ஒரே சம்பளம் வந்துகொண்டிருந்த வீட்டில் அதுவும் ஒருநாள் நின்றுபோனதைப் பார்த்தவர் அவர். மடிப்புக்குள் பணம் இருக்கிறது என்ற நினைப்பிலேயே அவர் எத்தனையோ ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அந்த நோட்டுகள் அவருக்கு வேலை செய்துவிட்டுத்தான் செல்லாமல் போயின.

புடவைகள் கதை வேறு. ஏழும் நீங்கள் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தவை. பெட்டியைத் திறந்து அவற்றைப் பார்த்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. அந்த ஷூ பெட்டியைத் திறந்த உங்கள் மகளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆகவே அவளிடம் பின்னி மில் கதையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். அது இன்னொரு நாளைக்கு. 'உனக்கும்தானே ஷூ எடுத்தேன்' என்பதும் வேண்டாம். 'நீ எனக்குன்னு வாங்கினதைத் திருப்பிக் கொடுத்தது தப்பு' என்று ஒரு வரி சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவள் அழலாம், கோபப்படலாம், ஒன்றும் சொல்லாமலும் போகலாம். இரண்டு நாள் கழித்து, அதே செருப்பை வாங்கப் போகலாம், கூட வா என்று கூப்பிடுங்கள். இந்த முறை பணம் உங்களுடையது. பில் போடும் நேரம் நீங்கள் கடைக்கு வெளியே நில்லுங்கள். சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரித் தோன்றும். ஆனால் அந்த ஒரு நொடிதானே உங்களுக்கு வலிக்கிறது?

பணத்துக்கு வருவோம். சம்பளம் வந்த அன்றே 3,000 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். உங்கள் வருமானத்தில் நூற்றுக்கு இரண்டு ரூபாய்கூட வராது. அது உங்களுக்கு மட்டும். பெண்ணுக்கோ வேலைக்கார அக்காவுக்கோ அதிலிருந்து எடுக்கக்கூடாது, மாதக் கடைசியில் மிஞ்சியதை டெபாசிட்டிலும் போடக்கூடாது. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகப் படும் வேதனையை மாதம் ஒருமுறை ஒரேயடியாகப் பட்டு முடித்துவிடுகிறீர்கள். முதல் இரண்டு மாதம் எதை வாங்குவது என்றே தெரியாமல் முழிப்பீர்கள். பரவாயில்லை.

கணவரோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கையிருப்பு எவ்வளவு, ஓய்வு பெற்ற பிறகு வருவது எவ்வளவு, பெண்ணின் மேற்படிப்புக்கும் கல்யாணத்துக்கும் எவ்வளவு. பயத்துக்குத் தொகை தெரியாது. ஒரு லட்சம் இருந்தாலும் ஒரு கோடி இருந்தாலும் அது போதாது என்றுதான் சொல்லும். தாளில் தொகை இருக்கும். டெபாசிட் எல்லாம் ஒரே வங்கியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வங்கிக்கு ஏதாவது ஆனால், ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரைக்கும்தான் காப்பீடு. இப்படிப்பட்ட ஜாக்கிரதை உங்களுக்குப் பிடிக்கும் என்று தெரிந்தே சொல்கிறேன்.

ரேஷன், எம்.சி. ரோடு, ஆடித் தள்ளுபடி, தடைக்கால மத்தி எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஏ.சி.யை 26-இல் வைத்து ஃபேனையும் போட்டால் யூனிட் குறையும். ராத்திரி ஒரு மணிக்கு எழுவதை மட்டும் விட்டுவிடுங்கள். சண்டை இல்லை என்கிறீர்கள். அவர் மறுபடி மறுபடி எழுந்து போய் ஏ.சி. போடுகிறாரே, அதை வேறு என்னவென்று சொல்வது? மீனையும் இந்த ஞாயிறு அங்கேயே வெட்டக் கொடுத்துவிட்டு, முடிகிறவரைக்கும் சும்மா நின்று வேடிக்கை பாருங்கள். உங்களுக்காக இன்னொருவர் ஒரு வேலை செய்துதர, சும்மா நிற்பது உங்களுக்குப் பழக்கமே இல்லை. செருப்புக் கடைக்கு முன் அங்கே ஒரு ஒத்திகை.

இரண்டு மூன்று மாதம் இப்படியெல்லாம் செய்தும் செலவை நினைத்துத் தூக்கம் கெட்டாலோ, வைத்தியத்தை மறுபடி தள்ளிப்போட்டாலோ நேரில் ஒருவரைப் பாருங்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. உங்களுக்குப் பிடித்த மாதிரி அங்கே காசும் ஆகாது.

அந்தக் காக்கிப் பையை யார் சொன்னாலும் மாற்ற வேண்டாம். செருப்பு வாங்கப் போகும்போது அதையே எடுத்துப் போங்கள். கடையில் பைக்குத் தனியாகக் காசு கேட்பார்கள்.