வாசகர் கேள்வி – பதில்: ஊர் திரும்பும் பெற்றோருக்கு எந்த வைத்தியசாலை?

கேள்வி: லண்டனில் இருக்கும் என் பெற்றோர் ஓய்வுக்குப் பின் யாழ்ப்பாணத்துக் கரவெட்டிக்கே திரும்புகிறார்கள். இலங்கைக் குடியுரிமையை அவர்கள் விடவில்லை. அப்பாவுக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. இங்கே போல அங்கும் ஒரு குடும்ப வைத்தியரிடம் பதிய வேண்டுமா? இரவில் ஏதும் என்றால் யாரை அழைப்பது? தனியார் வைத்தியசாலைதான் பாதுகாப்பானதா? – ஒரு வாசகி, லண்டன்

பதில்: பதிவு எதுவும் வேண்டியதில்லை. இலங்கையில் எந்த அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கும் எந்த வைத்தியருடைய சிபாரிசுத் துண்டும் இல்லாமல் நேரே போகலாம். ஆலோசனைக்கோ மருந்துக்கோ விடுதியில் (வார்டில்) தங்குவதற்கோ பொதுவாகக் கட்டணம் இல்லை. கரவெட்டிக்கு அருகில் மந்திகையில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. அங்கே முடியாததை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு, ஊரார் சொல்லும் பெரியாஸ்பத்திரிக்கு, அவர்களே மாற்றி அனுப்புவார்கள். அப்பாவை மாதாந்தக் கிளினிக்கில் சேர்த்துவிடுங்கள். அங்கே தரும் கிளினிக் கொப்பிதான் அவருடைய மருத்துவ வரலாறு என்பதால், லண்டன் வைத்தியர் எழுதிய மருந்துப் பட்டியலையும் அதற்குள்ளேயே வைத்திருப்பது நல்லது.

இலவசம் என்பதற்காகக் குறை இல்லை என்று சொல்லமாட்டேன். விடியற்காலையிலேயே போய் இலக்கம் எடுத்துக் காத்திருக்க வேண்டிவரும். சில வேளை மருந்து கையிருப்பில் இல்லாமல், வெளியே வாங்கும்படி துண்டு எழுதித் தருவார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் இந்தத் தட்டுப்பாடு மிகக் கடுமையாக இருந்தது.

காத்திருக்க முடியாதவர்களுக்கு இருக்கும் வழிதான் ‘சனல்’ பண்ணுவது. அரச வைத்தியர்கள் கடமை நேரத்துக்குப் பின் தனியாக நோயாளரைப் பார்ப்பதற்கு 1977 முதல் அனுமதி உண்டு. ஆகவே காலையில் பெரியாஸ்பத்திரி விடுதியைச் சுற்றிப் பார்க்கும் அதே விசேட வைத்திய நிபுணரை, மாலையில் தனியார் வைத்தியசாலையில் முற்பதிவு செய்து, வைத்தியர் கட்டணத்தையும் வைத்தியசாலைக் கட்டணத்தையும் சேர்த்துக் கட்டிச் சந்திக்கலாம். நீங்கள் காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் நேரத்தையும் தனி அறையையும்தான். வேறொரு வைத்தியரை அல்ல. நாட்டில் விடுதியில் தங்கிச் சிகிச்சை பெறுவோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அரச வைத்தியசாலைகளையே நாடுகிறார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இரவில் நெஞ்சு வலித்தாலோ மயங்கி விழுந்தாலோ 1990 என்ற இலக்கத்தை அழைக்கச் சொல்லுங்கள். ‘சுவசெரிய’ எனப்படும் இந்த இலவச நோயாளர் காவு வண்டி (அம்புலன்ஸ்) சேவை, இந்திய அரசின் நன்கொடையுடன் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. தமிழிலேயே பேசலாம். ஒழுங்கைக்குள் இருக்கும் வீட்டுக்கு இலக்கம் மட்டும் சொன்னால் வண்டி சுற்றிக்கொண்டு நிற்கும். பக்கத்துக் கோயிலையோ பள்ளிக்கூடத்தையோ சொல்லி, ஒருவரை டோர்ச் லைட்டுடன் ஒழுங்கை முகப்பில் நிறுத்துவதுதான் எங்கள் ஊர்களில் பலிக்கிற முறை.

கேள்வி: 1990 வண்டி தனியார் வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்லுமா? – அதே வாசகி

பதில்: இல்லை, அரச வைத்தியசாலைக்கே கொண்டுபோகும். அதைக் குறையாக நான் நினைக்கவில்லை. பாம்பு கடித்தவரையோ விபத்தில் பலத்த காயம் பட்டவரையோ எடுத்த எடுப்பில் தனியாரிடம் கொண்டுபோனால், அங்கிருந்தும் பெரும்பாலும் அரச வைத்தியசாலைக்கே திருப்பி அனுப்புவார்கள், போனது நேரம்தான். விடுதியில் அனுமதித்தால் துணைக்கு ஒருவர் தேவைப்படலாம் என்பதால், அயலில் யார் வருவார் என்பதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மாற்று உடுப்பு, சுடுதண்ணிப் போத்தல், கிளினிக் கொப்பி மூன்றும் ஒரே பையில் கதவடியில் இருக்கட்டும்.