மார்த்தாண்டத்தில் சிறிய முந்திரி ஆலை: அரசின் லீன் திட்டம் பயன்படுமா?

பயன்படும், உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) இருந்தால். ஆலையில் வீணாவதைக் குறைக்க வழிகாட்டும் திட்டம் இது. 1958-ல் தொடங்கிய தேசிய உற்பத்தித்திறன் கவுன்சில் இதை நடத்தும் அமைப்புகளில் ஒன்று. அடிப்படை நிலைக்குக் கட்டணமில்லை. மேல்நிலைகளில் ஆலோசகர் செலவில் 90 சதவீதத்தை ஒன்றிய அரசு ஏற்கும்.

ஆனால் ஆலோசகர் வருவதற்குள் உடைசலை, அதாவது உடைந்த பருப்பை, எடைபோட ஆரம்பியுங்கள். தோடு உடைப்பு, போர்மா (பருப்பைத் தட்டுகளில் அடுக்கிச் சூட்டில் காயவைக்கும் உலர்த்தி), தொலி உரிப்பு என்று தனித்தனியாக, இரண்டு வாரம். மொத்தமாக எழுதினால் எங்கே உடைகிறதென்றே பிடிபடாது. போர்மாவில் காய்ச்சல் போதாவிட்டால் தொலி ஒட்டிக்கொள்ளும். கத்தியால் சுரண்டும்போது பருப்பு பிளக்கும். மிஞ்சிக் காய்ந்தாலோ கை பட்டதும் நொறுங்கும். தட்டுகளை மேல்கீழ் மாற்றாமல் விட்டால் ஒரே போர்மாவில் இரண்டும் நடக்கும். (பழி என்னவோ உரிக்கும் பெண்கள்மீதுதான்!) தட்டுக்கு எண் போட்டு, எந்த எண்ணில் உடைசல் கூடுகிறதென்று பாருங்கள்.