மலைக்குளிரில் எண்ணெய்ச் சட்டி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பூம்பாறைப் பக்கம் கூடாரம் போட்டுத் தங்கியபோது கோதுமை அப்பம் சுட்டோம். வீட்டில் போடும் அதே அளவுதான். மேலே கறுத்துவிட்டது, பிட்டுப் பார்த்தால் உள்ளே பச்சை மாவு. என்ன காரணம்? – ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: உயரம்தான். கொடைக்கானல் மட்டத்தில், அதாவது சுமார் 2,100 மீட்டரில், தண்ணீர் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அப்பத்துக்குள் இருக்கும் ஈரமும் அந்தச் சூட்டிலேயே ஆவியாகும். ஈரம் இருக்கும்வரை நடுமாவு அதற்கு மேல் சூடேறாது. அதனால் உள்ளே வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும். எண்ணெய்க்கு இந்த வரம்பு கிடையாது; திருப்பூரில் காய்வது போலவே அங்கும் காயும். போதாததற்கு வெல்லம் சீக்கிரம் கருகும். உள்ளே வேகுமுன் வெளியே கறுப்பது இப்படித்தான்.

வீட்டில் 175 டிகிரியில் பொரிப்பதை மலையில் 165-க்கு இறக்குங்கள். வெப்பமானி இல்லையென்றால் மிளகளவு மாவைப் போட்டுப் பாருங்கள். அடியில் இரண்டு மூன்று நொடி தங்கி, மெதுவாக மேலே வந்தால் சரி. போட்டதும் குதித்து எழும்பினால் சூடு அதிகம். அப்பத்தின் அளவையும் எலுமிச்சையிலிருந்து நெல்லிக்காய்க்குக் குறையுங்கள். ஆப்பசோடா வீட்டில் போடுவதில் பாதி போதும். காற்றழுத்தம் குறைந்த இடத்தில் வாயு அதிகமாக விரிவதால், மாவு புஸ்ஸென்று உப்பி, பிறகு அமுங்கி, எண்ணெயைக் குடித்துக்கொள்ளும்.

அதற்காக அடுப்பை ஒரேயடியாகத் தணித்துவிடவும் கூடாது. சின்ன அடுப்பில் 300 மில்லி எண்ணெயில் ஒரே நேரத்தில் எட்டு உருண்டை போட்டால் சூடு சட்டென்று இறங்கிவிடும். அப்போதும் எண்ணெய் குடிக்கும். மூன்று, மிஞ்சினால் நான்கு.

கேள்வி: முகாமில் செய்ய எளிதான, எண்ணெய் அதிகம் செலவாகாத ஓர் இனிப்பு சொல்லுங்கள். நான்கு பேருக்கு. – ஒரு வாசகர், மதுரை

பதில்: குழிப்பணியாரம். முகாமுக்குக் கடாயைவிடப் பணியாரக்கல்தான் என்பது எங்கள் கட்சி. எண்ணெய் 100 மில்லி போதும், மிச்சமும் நிற்காது, தட்டிவிட்டாலும் பெரிய ஆபத்து இல்லை.

உலர்ந்த கலவையை வீட்டிலேயே தயாரித்துக்கொள்ளுங்கள்: கோதுமை மாவு 200 கிராம், பச்சரிசி மாவு 50 கிராம், நாட்டுச்சர்க்கரை 110 கிராம், நான்கு ஏலக்காயின் பொடி, சுக்குத்தூள் கால் டீஸ்பூன், உப்பும் ஆப்பசோடாவும் ஒவ்வொரு சிட்டிகை. வெல்லம் வேண்டாம்; கரைத்து, மண் போக வடிகட்டி, ஆறவைத்து… கூடாரத்தில் யார் செய்வது? சூடான பாகை அப்படியே ஊற்றினால் மாவு கட்டி தட்டும்.

அங்கே போனதும் இரண்டு மலைவாழைப்பழத்தை மசித்துச் சேருங்கள். பழநி மலையின் விருப்பாட்சிப் பழம் கிடைத்தால் இன்னும் நல்லது; ஈரம் குறைவு என்பதால் மாவு நீர்த்துப்போகாது. 200 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கலக்கி, இட்லி மாவுப் பதம் வரும்வரை கரண்டி கரண்டியாகக் கூட்டுங்கள். 15 நிமிடம் மூடிவையுங்கள். குழிக்கு அரை டீஸ்பூன் எண்ணெய், முக்கால் குழி மாவு, மூடி போட்டுச் சிறு தீயில் மூன்று நான்கு நிமிடம். ஓரம் தானாகக் கழன்றதும் திருப்புங்கள். கழலாமல் குச்சியால் நெம்பினால் பிய்யும். ஏழு குழிக் கல்லில் நான்கு ஈடு வரும்.

எண்ணெய் கடலையெண்ணெயாக இருக்கட்டும். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். பாட்டிலிலிருந்து அதை வெளியே எடுப்பதே தனி வேலை.

கேள்வி: சுகியன் செய்யலாமா? – ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: செய்யலாம், ஆனால் பூரணம் வீட்டிலிருந்து வரவேண்டும். குக்கர் இல்லாமல் மலையில் கடலைப்பருப்பை வேகவைக்க உட்கார்ந்தால் கேஸ்தான் தீரும். 150 கிராம் பருப்புக்கு 150 கிராம் வெல்லம். கையில் ஒட்டாமல் உருளும்வரை கிளறி, உருட்டி, டப்பாவில் எடுத்துப்போய் மறுநாளே தீர்த்துவிடுங்கள். பூரணம் ஈரமாக இருந்தாலும் மேல்மாவு தண்ணீராக இருந்தாலும் எண்ணெயில் வெடிக்கும். மேல்மாவுக்கு மைதா 100 கிராம், அரிசி மாவு 25 கிராம், தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியாக.

கேள்வி: டிசம்பரில் ஊட்டிக்கு அருகே கேஸ் கேன் அடுப்பு பாதியிலேயே மங்கிவிட்டது. கேனில் கேஸ் இருந்தது. – ஒரு வாசகர், கோவை

பதில்: உங்கள் கேனில் இருந்தது பெரும்பாலும் வெறும் பியூட்டேனாக இருக்கும். அது பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிய குளிரில் ஆவியாகாது. எரியும்போது கேன் தானாகவும் குளிரும் என்பதால், உறைபனிக்கு முன்பே தீ சோர்ந்துவிடும். புரொப்பேன் கலந்த கேன் வாங்குங்கள். இருப்பது பியூட்டேன்தான் என்றால், பொருத்துவதற்கு முன் கம்பளிக்குள் சுற்றி வையுங்கள். தீயில் காட்டிச் சூடேற்றக் கூடாது. காரில் போகிறவர்களுக்கு 5 கிலோ சிலிண்டரே மேல்.

காற்றுக்கு மறைப்பு ஒரு பக்கம் மட்டும். கேன் மேலேயே பர்னர் உட்காரும் அடுப்பைச் சுற்றிலும் தகரத்தால் மூடினால் கேன் சூடேறி வெடிக்கும். சட்டி தட்டையான அடி உள்ளதாக இருக்கட்டும். எண்ணெய் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். கூடாரத்துக்குள் அடுப்பே கூடாது: கார்பன் மோனாக்சைடு நெடி காட்டாமல் கொல்லும். மரத்திலிருந்து பனித்துளி சொட்டும் இடத்தையும் தவிருங்கள். எண்ணெய் பற்றிக்கொண்டால் அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள்; தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கேள்வி: மிஞ்சிய எண்ணெயைப் புதரில் கொட்டலாமா? விறகில் பொரிக்கலாமா? – ஒரு வாசகர், ஈரோடு

பதில்: கொட்டக் கூடாது. கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் எண்ணெய்க்கும் இனிப்புக்கும் கதவை உடைத்துக் கடைக்குள் நுழையும் கரடிகள் உண்டு. கொட்டிய எண்ணெய் அவற்றுக்கு அழைப்பு. முழுக்க ஆறியதும் திருகுமூடி போட்ட எவர்சில்வர் பாட்டிலில் ஊற்றிக் கீழே கொண்டுவாருங்கள். சட்டியைத் தாளால் துடைத்து, அந்தத் தாளையும் எடுத்துவாருங்கள். செய்த பலகாரத்தையும் இரவில் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். காருக்குள் பூட்டி வையுங்கள், அல்லது விடுதிக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

விறகு: காப்புக்காட்டில் தீ மூட்டுவது தமிழ்நாடு வனச் சட்டம் 1882-இன்படி குற்றம். தனியார் தோட்டத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு, அவர் காட்டும் குழியில் மட்டும் மூட்டலாம். பிப்ரவரி முதல் மே வரை அதுவும் வேண்டாம். எப்படியும் விறகுச் சுவாலையில் எண்ணெயின் சூடு நிலைக்காது. தணல் ஆனபிறகு பணியாரக்கல்லை வைத்தால் நன்றாகவே வரும்.