பம்பர் அப்புறம், முதலில் அந்த ட்ரெய்லருக்கு நம்பர் இருக்கிறதா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் சின்ன அளவில் கேட்டரிங் செய்கிறேன். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய ஸ்கார்பியோ இருக்கிறது, வெள்ளை போர்டு. முகூர்த்த நாட்களில் ஓசூர், கிருஷ்ணகிரி வரை போக வேண்டியிருக்கிறது. அண்டா, அடுப்பு ஏற்ற இரண்டு சக்கர ட்ரெய்லர் ஒன்று பழையதாக விலைக்கு வருகிறது. வெல்டிங் பட்டறையில் செய்தது, நம்பர் கிடையாது. ஜே.சி. ரோட்டில் ஒரு கடைக்காரர், கம்பெனி பம்பரைக் கழற்றிவிட்டு இரும்பு பம்பர் போட்டு, அதிலேயே பால் ஹிட்ச்சை (ட்ரெய்லரை மாட்டும் இரும்பு உருண்டை) வெல்டு வைத்துத் தருகிறேன் என்கிறார். என் மச்சான், பம்பரைத் தொடாதே, ஹிட்ச் மட்டும் போதும் என்கிறான். எது சட்டப்படி சரி? போலீஸ் பிடித்தால் எவ்வளவு கட்ட வேண்டும்?

பதில்: பம்பர் விஷயத்தில் உங்கள் மச்சான் சொல்வது சரி. ஆனால் பெரிய வம்பு நீங்கள் கேட்காத இடத்தில் இருக்கிறது. அந்த ட்ரெய்லரை வாங்காதீர்கள்.

இன்ஜின் இல்லாத வண்டிக்கு எதற்கு ஆர்.சி. (பதிவுச் சான்று) என்று பலரும் நினைக்கிறார்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 2(28), ட்ரெய்லரையும் மோட்டார் வாகனம் என்றே கணக்கில் எடுக்கிறது. எனவே அதற்குத் தனிப் பதிவு வேண்டும், மூன்றாம் நபர் இன்சூரன்ஸும் வேண்டும். பதிவு செய்ய ஆர்.டி.ஓ. அலுவலகம் போனால் விற்பனைச் சான்றான படிவம் 21, தயாரிப்பாளர் கொடுக்கும் தகுதிச் சான்றான படிவம் 22 என்று கேட்பார்கள். பட்டறைக்காரரிடம் பில் புத்தகம் இருக்கும், இவை இருக்காது. பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று வாங்கினால், எந்நாளும் நம்பர் வராத இரும்புப் பெட்டிதான் கையில் மிஞ்சும். பதிவில்லாமல் ஓட்டினால் பிரிவு 192 படி முதல் தடவை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். இன்சூரன்ஸ் இல்லாததற்குப் பிரிவு 196 தனியாக வரும்.

இனி பம்பர். பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து விலகி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை இறுக்கமாகவே பார்த்தது. அதற்கு முன்பே, 2017 டிசம்பரில், கிராஷ் கார்டு, புல் பார் மாட்டுவது பிரிவு 52-க்கு விரோதம் என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறது. பொதுவாக அதை முன்பக்கக் கம்பிக்குத்தான் காட்டுவார்கள். பின்பக்க இரும்பு பம்பரைப் பார்க்கும் அதிகாரி அதே பிரிவை எழுதினால் உங்களிடம் நல்ல பதில் இருக்காது. அனுமதியில்லாத மாற்றத்துக்குப் பிரிவு 182ஏ(4) படி மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சிறை என்பது நடைமுறையில் அபூர்வம். விபத்து நடந்த பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் இந்தப் பிரிவை எடுத்து நீட்டுவது அவ்வளவு அபூர்வம் இல்லை.

கம்பெனி பம்பரை அப்படியே விட்டு, அதன் கீழே சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், போல்ட் போட்ட ரிசீவர் (பால் ஹிட்ச்சைச் செருகும் குழாய்), வேலை முடிந்ததும் பூட்டுப் பின்னைக் கழற்றி எடுத்துவிடும் பால் ஹிட்ச்: இந்த அமைப்புக்காக என்னால் வாதாட முடியும். உடல் மாறவில்லை, ஆர்.சி.யில் உள்ள விவரம் எதுவும் மாறவில்லை. ஆனாலும் உங்கள் மாடல் எவ்வளவு எடை இழுக்கலாம் என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தக் கடிதமோ மெயிலோ இல்லாவிட்டால் என் வாதம் பாதியாகிவிடும்.

ஸ்கார்பியோவுக்குத் தனி சேசிஸ் உண்டு என்பது உங்களுக்கு சாதகம். சேசிஸில் ஏற்கெனவே இருக்கும் துளைகளில் மாட்டச் சொல்லுங்கள், புதிதாகத் துளை போடவோ வெல்டு வைக்கவோ விடாதீர்கள். பின்னால் இருக்கும் கயிறு கட்டும் கொக்கி, நின்றுபோன வண்டியை மீட்பதற்கு; ட்ரெய்லருக்கு அல்ல. ட்ரெய்லர் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு பால் மேல் உட்கார வேண்டும்: 500 கிலோ என்றால் 50 கிலோ. அண்டாவையெல்லாம் பின்கோடியில் அடுக்கினால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு ட்ரெய்லர் வால் ஆட்டும். பாதுகாப்புச் சங்கிலி, ட்ரெய்லருக்குப் பிரேக் லைட், இண்டிகேட்டர் ஒயரிங் கண்டிப்பாக இருக்க வேண்டும். பால் மாட்டியபின் கார் நம்பர் பிளேட் மறைகிறதா என்று பத்தடி தள்ளி நின்று ஒரு தடவை பாருங்கள். மறைந்தால் அதற்கும் தனியாக எழுதுவார்கள்.

லைசென்ஸ் பற்றிப் பயம் வேண்டாம். ட்ரெய்லரை மாட்டியதாலேயே ஒரு வண்டி போக்குவரத்து வாகனமாகிவிடாது, ஓட்டுநரின் லைசென்ஸ் செல்லும் என்று 2001-இல் நாகசெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதை நம்பி இன்சூரன்ஸிலும் தப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். உங்கள் பாலிசியில் ‘உபயோக வரம்பு’ என்ற பகுதியைப் படியுங்கள். தனியார் கார் பாலிசியில், சொந்த லக்கேஜ் தவிர வேறு சரக்கு ஏற்றுவது வரம்புக்கு வெளியே என்று இருக்கும். வாடகைக்கு ஓட்டவில்லை, என் பாத்திரம்தானே என்பீர்கள். கேட்டரிங் தொழிலுக்குப் போகும் அண்டாவை லக்கேஜ் என்று நிரூபிக்க எனக்கே தெம்பு இல்லை. தனியார் கார் பாலிசியில் ட்ரெய்லரைச் சேர்க்க ஐ.எம்.டி. 30 என்ற கூடுதல் ஒப்புதல் உண்டு. அதில் ட்ரெய்லரின் பதிவு எண்ணை எழுத வேண்டும். நம்பர் இல்லாத ட்ரெய்லருக்கு அந்தக் கதவும் மூடியிருக்கிறது.

ஓசூர் ரோட்டில் கொக்கி கழன்று ட்ரெய்லர் ஒரு பைக்கில் மோதுகிறது என்று வையுங்கள். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் பாதிக்கப்பட்டவரைக் கைவிடாது. இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கட்டட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவு வரலாம், அல்லது நேராக உங்கள் தலையிலேயே விழலாம். எப்படிப் பார்த்தாலும் கடைசியில் கை வைப்பது உங்கள் வீட்டுப் பத்திரத்தில். ஐயாயிரம் ரூபாய் அபராதத்தைப் பற்றி நீங்கள் கேட்டது எனக்கு அதனால்தான் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

கேட்டரிங்தான் தொழில் என்றால், மஞ்சள் போர்டில் ஒரு பழைய சின்ன சரக்கு வண்டி வாங்குவதே என் யோசனை. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வாகனத்துக்குப் பிரிவு 66(3) பர்மிட்டிலிருந்து விலக்கு தருகிறது. இன்சூரன்ஸும் சரக்குக்கென்றே எழுதப்படும். இல்லை, ஸ்கார்பியோவில்தான் இழுப்பேன் என்றால், படிவம் 21, 22 இரண்டும் தரும் தயாரிப்பாளரிடம் ட்ரெய்லர் வாங்கி, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு “கேட்டரிங் பாத்திரம் ஏற்றப் போகிறேன்” என்று வெளிப்படையாக எழுதி, பதிலைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகு ஜே.சி. ரோட்டுக்குப் போங்கள். பழைய ட்ரெய்லருக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால், ஆர்.சி. இல்லாததால் வாங்கவில்லை, பணத்தைத் திருப்பித் தரவும் என்று இன்றே வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். போனில் சொல்லிவிட்டு விடாதீர்கள்.