சாவுக் கணக்குக்கு யார் சம்பளம் தருவார்கள்?

கேள்வி: மகள் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. புள்ளியியல் கடைசி வருடம். பேங்க் பரீட்சைக்குப் படிக்கச் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறாள். மும்பையில் மக்கள்தொகைப் படிப்பு, அப்புறம் பிஎச்.டி., வயதானவர்கள் எத்தனை வருடம் வாழ்கிறார்கள், எதனால் சாகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்யப் போகிறாளாம். சாவுக் கணக்கு பார்ப்பவளுக்கு யார் சம்பளம் தருவார்கள்? அவள் அப்பா இரவெல்லாம் தூங்குவதில்லை. — ஓர் அம்மா, திண்டுக்கல் மாவட்டம்

அம்மா, வணக்கம். கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். சாவுக் கணக்குக்கு இருநூறு வருடமாகச் சம்பளம் தருபவர்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர்கள். லண்டனில் ஓர் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குக் கணக்குப் பார்த்த பெஞ்சமின் கோம்பர்ட்ஸ் 1825-இல் ஒன்றைக் கண்டுபிடித்தார். நடுவயதில் தொடங்கி, சாகும் வாய்ப்பு வயதோடு சேர்ந்து பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. ஏறத்தாழ எட்டு வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். யாரிடம் எவ்வளவு பிரீமியம் வாங்கலாம், பென்ஷனுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பதெல்லாம் இன்றும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

இப்போது அந்தக் கவலை அரசாங்கத்துக்கும் வந்துவிட்டது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் சொச்சம். 2021-க்கு மத்திய அரசின் மதிப்பீடு 13.6 சதவீதம், 2031-க்கு 18.2. பெரிய மாநிலங்களில் கேரளம் மட்டும்தான் நமக்கு முன்னால் இருக்கிறது. முதியோர் உதவித்தொகை எத்தனை பேருக்கு, எத்தனை வருடத்துக்கு, எந்த மாவட்ட ஆஸ்பத்திரியில் எத்தனை படுக்கை என்று சொல்ல ஆள் வேண்டும். உங்கள் மகள் செத்துப்போன துறை எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

ஆனால் துறைக்குத் தேவை இருப்பது வேறு, உங்கள் பெண்ணுக்கு வேலை இருப்பது வேறு. அதற்கு முன், அவள் தினமும் உட்கார்ந்து செய்யப்போகும் வேலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரியட்டும்.

இந்தத் துறையின் அடிப்படைக் கருவி ஆயுள் அட்டவணை. ஒரு லட்சம் குழந்தைகள் ஒரே நாளில் பிறந்ததாக வைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு வயதிலும் இன்றைய இறப்பு விகிதத்தின்படி எத்தனை பேர் குறைகிறார்கள் என்று வரிவரியாகக் கழித்துக்கொண்டே போனால், சராசரியாக ஒருவர் எத்தனை வருடம் வாழ்வார் என்பது கடைசியில் வந்து நிற்கும். கணக்கு சுலபம்தான். அதில் போடும் எண்களை நம்ப முடியுமா என்பதில்தான் பாதி ஆராய்ச்சியே இருக்கிறது. நம் ஊர்ப் பாட்டியிடம் வயதைக் கேளுங்கள். “அறுவது, அறுவத்தஞ்சு இருக்கும்” என்பார். தனுஷ்கோடிப் புயல் அடித்தபோது எவ்வளவு பெரிய பிள்ளை, எம்.ஜி.ஆர். இறந்த வருடம் மூத்த மகளுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா என்று கேட்டுக் கேட்டுத்தான் வயதைப் பிடிக்க வேண்டும். இப்படி வீடு வீடாகச் சொல்லிய வயதுகள் சேர்ந்து, கணக்கெடுப்பு அட்டவணையில் 60, 65, 70 என்ற வரிகள் மட்டும் மலைபோல் எழும்பி நிற்கும். பக்கத்து 59-உம் 61-உம் பள்ளமாகக் கிடக்கும். வயதைக் கூட்டிச் சொல்பவர்கள் அதிகமானால் எண்பதைத் தாண்டியவர்கள் நிஜத்தைவிடக் குறைவாகச் சாவதுபோல் கணக்கு காட்டும். இதைச் சரிசெய்யும் வேலை சிலருக்கு எரிச்சல், சிலருக்குத் துப்பறியும் சுகம். உங்கள் மகள் இரண்டாவது ரகம் என்றால் பிழைத்துக்கொள்வாள்.

சரி, படிப்புக்கு வருவோம். அவள் சொல்லும் மும்பை நிறுவனம் தேவ்நாரில் இருக்கும் பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனமாகத்தான் இருக்க வேண்டும். சுருக்கமாக ஐ.ஐ.பி.எஸ். என்பார்கள். 1956-இல் தொடங்கியது, மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் உள்ள நிகர்நிலைப் பல்கலைக்கழகம். தனியார் நிகர்நிலை என்று நினைத்துப் பயப்படாதீர்கள். தேசியக் குடும்பநல ஆய்வை நடத்துவதும் இவர்கள்தான். நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள், அவர்களின் கணவன் அல்லது மனைவி என்று 72,000-க்கும் அதிகமானவர்களிடம் உடல்நலம், வருமானம், குடும்பம் எல்லாம் கேட்டுப் பதிந்த மூப்பு ஆய்வின் முதல் சுற்றும் 2017-18-இல் இவர்கள் வழியாகத்தான் நடந்தது. இந்தியாவில் மூப்பைப் பற்றி எழுதும் எவரும் அந்தத் தரவைத் தொடாமல் போக முடியாது. அங்கே படிப்பவளுக்கு அதைத் திரட்டியவர்களே ஆசிரியர்கள்.

நுழைவுத் தேர்வு உண்டு. முதுகலை இரண்டு வருடம். அதோடு நிறுத்திக்கொண்டாலும் நஷ்டமில்லை. சுகாதார ஆய்வு நிறுவனங்கள், மருந்து ஆராய்ச்சி, ஐ.நா. அமைப்புகளின் திட்டங்கள் என்று தரவு கையாளத் தெரிந்தவர்களுக்கு இடம் இருக்கிறது. ஆனால் பல வேலைகள் ஒப்பந்த வேலைகள். திட்டம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். பேங்க் வேலையின் நிம்மதி இதில் கிடையாது. அதை அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பிஎச்.டி. என்பது தனி முடிவு. அதை இன்றைக்கே எடுக்க வேண்டியதில்லை. யு.ஜி.சி. நெட் தேர்வில் மக்கள்தொகையியல் தனிப் பாடமாகவே இருக்கிறது. அதன் வழியாக ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. வீட்டிலிருந்து பணம் அனுப்ப வேண்டியிருக்காது. வெளிநாடு என்றால் நான் முதலில் சொல்வது ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மக்கள்தொகை ஆய்வு நிறுவனம். அங்கே ஆராய்ச்சி மாணவர்களை ஒப்பந்தம் போட்டுச் சம்பளத்துக்குத்தான் எடுக்கிறார்கள், ஆங்கிலம் போதும். அதை நிறுவிய ஜேம்ஸ் வாப்பல், ஜிம் ஓப்பன் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து 2002-இல் எழுதிய கட்டுரை பிரபலம்: உலகிலேயே அதிக ஆயுள் உள்ள நாட்டுப் பெண்களின் சராசரி ஆயுள் 160 வருடமாக, வருடத்துக்கு மூன்று மாதம் வீதம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது என்று காட்டியது. இது இப்படியே ஏறுமா, எங்காவது முட்டி நிற்குமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

காலக்கணக்கு கொஞ்சம் கசக்கும். முதுகலை, பிஎச்.டி., அதற்குப் பின் இரண்டு மூன்று வருடம் முதுமுனைவர் ஆய்வு என்று முடித்து, நிரந்தர வேலையில் உட்காரும்போது முப்பதைத் தாண்டியிருப்பாள். கல்யாணப் பேச்சு எழும், தெரியும். ஆராய்ச்சி செய்துகொண்டே குடும்பம் நடத்துபவர்கள் ஏராளம். பாதியில் நிறுத்தச் சொல்லும் வரன் வந்தால் அதை விடுங்கள், படிப்பை விடாதீர்கள்.

ஒரே ஒரு கதவு மூடும், அதைத் தெரிந்துகொண்டு மூடுங்கள். முதுகலையை மக்கள்தொகையியலில் முடித்தவளுக்கு நம் ஊர்க் கல்லூரிகளின் புள்ளியியல் துறையில் ஆசிரியர் வேலை கிடைப்பது கஷ்டம். முதுகலைப் பட்டம் எந்தப் பாடத்தில் என்றுதான் பார்ப்பார்கள். மக்கள்தொகைக்கென்று தனித் துறை உள்ள பல்கலைக்கழகங்களோ தமிழ்நாட்டில் மிகச் சில. சொந்த ஊருக்குப் பக்கத்தில் பேராசிரியர் வேலைதான் கனவு என்றால், எம்.எஸ்சி. புள்ளியியலை இங்கேயே முடித்துவிட்டுப் பிஎச்.டி.க்கு மட்டும் மும்பை போகலாம். அந்த வழியும் திறந்தே இருக்கிறது. இடம் மாறத் தயார், ஆராய்ச்சிதான் முக்கியம் என்றால் நேராக மும்பை. என் ஓட்டு இரண்டாவதற்கு. இருபத்தொரு வயதில் இவ்வளவு தெளிவாக ஒன்றைக் கேட்கும் பிள்ளைகள் அபூர்வம்.

ஆனால் ஓட்டுப் போடுவதற்கு முன் இரண்டு வேலை சொல்கிறேன். ‘ஆர்’ என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொண்டு, இந்தியப் பதிவாளர் நாயகம் வெளியிடும் வயதுவாரி இறப்பு விகிதங்களை வைத்துத் தமிழ்நாட்டுக்கு ஓர் ஆயுள் அட்டவணை போடட்டும். அரசு போட்ட அட்டவணையோடு ஒத்துப்பார்க்கட்டும். வித்தியாசம் ஏன் என்று அவளே தேடினால் இந்தத் துறைக்கு ஏற்றவள். இரண்டாவது, உங்கள் மாவட்டத்திலேயே காந்திகிராமத்தில் சுகாதார அமைச்சகத்தின் உதவியோடு நடக்கும் மக்கள்தொகை ஆய்வு மையம் இருக்கிறது. மும்பைக்கு டிக்கெட் போடுவதற்கு முன் அங்கே போய், வேலை பார்ப்பவர்களிடம் அவளும் அவள் அப்பாவும் சேர்ந்தே பேசட்டும். சம்பளம், ஒப்பந்தம், களப்பணி எல்லாவற்றையும் அப்பாவே நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

நீங்கள் பி.சி. அல்லது எம்.பி.சி. பிரிவாக இருந்தால் இன்னொன்று. மத்திய நிறுவனங்களில் நம் மாநிலச் சாதிச் சான்றிதழ் மட்டும் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமிலேயர் (இடஒதுக்கீடு கிடைக்காத வசதியான பிரிவு) இல்லை என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் கையெழுத்துக்குள் நாள் ஓடிவிடும். எந்த நிதியாண்டுச் சான்று கேட்கிறார்கள் என்று அறிவிப்பில் பார்த்துவிட்டு உடனே விண்ணப்பித்துவிடுங்கள்.