கலர் இலைச் செடி வேணும்னா முதல்ல வெயிலைப் பாருங்க

கேள்வி: வணக்கம் சார். வீட்டு முன்னாடி காம்பவுண்ட் சுவரை ஒட்டி பத்தடி நீளம், மூணடி அகலத்துல கொஞ்சம் மண்ணு இடம் சும்மா கெடக்கு. காலையில நல்ல வெயில் வரும், மதியத்துக்கு மேல சுவர் நிழல் விழுந்துரும். எங்க பக்கம் உறைபனியெல்லாம் கிடையாது. நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போறவங்க, தினம் செடிகிட்ட நிக்க நேரமில்ல. பூ வேணாம், இலையே கலரா இருக்கிற புதர்ச்செடி வேணும். முன்னாடி ஒரு குரோட்டன்ஸ் வாங்கி வராந்தாவுல வெச்சேன், வந்த கொஞ்ச நாள்லயே இலையெல்லாம் கொட்டிருச்சு, அப்புறம் துளிர்த்தது வெறும் பச்சையா வந்துச்சு. நர்சரியில கோல்டன் துரந்தா வைங்க, ஒண்ணுமே பாக்க வேணாம்னு சொல்றாங்க. அதை வைக்கலாமா சார்? குரோட்டன்ஸ் பால் பட்டா அரிக்கும்னு சொல்றாங்களே, அது உண்மையா?

பதில்: வணக்கம்மா. துரந்தா வேணாம்னுதான் நான் சொல்லுவேன். அது சாகாத செடிதான், அதுல சந்தேகமில்ல, ஆனா சாகாத செடியும் வேலை வைக்காத செடியும் ஒண்ணு இல்லம்மா. துரந்தாவோட அந்தத் தங்கக் கலர் புதுத் துளிர்லதான் இருக்கும், வெயில் கம்மியானா அதுவும் மங்கிரும், அதனால கத்திரிய கையில வெச்சுக்கிட்டு வெட்டிக்கிட்டே இருந்தாதான் பாக்க நல்லா இருக்கும். வெட்டாம விட்டா கன்னாபின்னான்னு வளந்து பூத்து, மஞ்சள் மஞ்சளா கொத்துக்கொத்தா காய் விடும், அந்தக் காய் விஷம், சின்னப் பிள்ளைங்க பாத்தா பறிச்சு வாயில போடற மாதிரியே இருக்கும். நேரமில்லாதவங்களுக்கு மெதுவா வளர்ற செடிதான் சரி. தோட்டத்துல பாதி வேலை வெட்டுறதுதான்.

உங்க இடத்துக்கு நான் சொல்றது மறுபடியும் குரோட்டன்ஸ்தான். வராந்தாவுல போச்சேன்னு அதை ஒதுக்காதீங்க, அங்க நடந்தது ரெண்டு விஷயம். குரோட்டன்ஸுக்கு இடம் மாறுனாலே இலை கொட்டுற சுபாவம் உண்டு, வெளிச்சம், காத்து, ஈரம் எல்லாம் திடீர்னு மாறுதில்ல, அதனால. தண்டு காயாம இருந்தா திரும்ப துளிர்க்கும், உங்களுதும் துளிர்த்திருக்கே. அடுத்து அந்தப் பச்சை. இலையில பச்சையம் இருக்கு, கூடவே சிவப்புக்கும் மஞ்சளுக்கும் தனித்தனி நிறமிங்க இருக்கு, வெயில் நல்லா பட்டா இந்த நிறமிங்க எடுப்பா தெரியும், வெளிச்சம் பத்தலைன்னா செடி கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் புடிக்கப் பாக்கும், பச்சையத்தைக் கூட்டிக்கும், கலர் உள்ள அமுங்கிரும். அதனால கலர் போகுதேன்னு உரத்தைக் கொட்டி பிரயோஜனமே இல்ல, யூரியா மாதிரி தழைச்சத்து அதிகமா போட்டா இன்னும் பச்சையாத்தான் ஆகும்.

நாலஞ்சு மணி நேரம் காலை வெயில், அப்புறம் நிழல்னா குரோட்டன்ஸுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது, கடும் மதிய வெயில்ல இலை ஓரம் கருகுற தொல்லையும் இருக்காது. ஆனா வாங்குறதுக்கு முன்னாடி ஒரு லீவு நாள்ல அந்த இடத்தை மணிக்கொரு தடவை போய்ப் பாத்துருங்க, வெயில் வருதுன்னு நாம நெனச்சிருப்போம், எண்ணிப் பாத்தா ரெண்டு மணி நேரம் கூட இருக்காது. அப்படி கம்மியா இருந்தா மஞ்சள் புள்ளி போட்ட சின்ன இலை ரகம் எடுங்க, கோல்ட் டஸ்ட்னு கேளுங்க, அது கொஞ்சம் தாங்கும். வெயில் சரியா இருந்தா பெட்ரா மாதிரி அகல இலை ரகம் நல்லா சிவந்து வரும்.

பத்தடிக்கு நாலு செடி போதும், ரெண்டரை அடிக்கு ஒண்ணு, சுவர்லருந்து ஒன்றரை அடி தள்ளி. நட்ட புதுசுல காலியா தெரியுதேன்னு நடுவுல இன்னும் நாலு சொருகிராதீங்க, ரெண்டு மூணு வருஷத்துல ஒண்ணோட ஒண்ணு மோதி அடி இலையெல்லாம் கொட்டி வெறும் குச்சியா நிக்கும். நர்சரியில உயரமா ஒத்தத் தண்டா இருக்கிறதை விட்டுட்டு, குட்டையா அடியிலயே மூணு கிளை பிரிஞ்சதைப் பாத்து எடுங்க. இலைக்காம்பு தண்டோட சேர்ற இடுக்குல பஞ்சு ஒட்டுன மாதிரி வெள்ளையா இருந்தா அது மாவுப்பூச்சி, அந்தச் செடி வேணாம். நிழல்வலைக்குள்ள வளந்த செடின்னா பத்து பதினஞ்சு நாள் தொட்டியோட வெச்சு கொஞ்சம் கொஞ்சமா வெயிலுக்குப் பழக்கிட்டு அப்புறம் மண்ணுல இறக்குங்க.

குழி ஒன்றரை அடி ஆழம், அதே அகலம். தோண்டும்போது நல்லா கவனிங்க, காம்பவுண்ட் சுவர் ஓரத்துல பெரும்பாலும் கட்டட வேலை செஞ்ச சிமெண்ட் கட்டி, காரைத் துண்டு எல்லாம் புதைஞ்சு கெடக்கும். அது மண்ணைக் காரமாக்கிரும், அப்புறம் இரும்புச்சத்து வேருக்குக் கிடைக்காது, துளிர் இலை நரம்பு மட்டும் பச்சையா மத்ததெல்லாம் வெளுத்துப் போகும். அதை முழுசா பொறுக்கி எடுத்துட்டு நல்ல மண்ணு ரெண்டு பங்கு, நல்லா மக்கின தொழு உரம் ஒரு பங்கு கலந்து போடுங்க. தண்ணி நிக்கக்கூடாது, நின்னா வேர் அழுகிரும்.

முதல் ரெண்டு மாசம்தான் உங்க நேரத்தைக் கேக்கும், ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை தண்ணி விடணும். வேர் புடிச்ச பிறகு வாரம் ஒரு தடவை ஆழமா ஊறுற மாதிரி விட்டா போதும், நல்ல கோடையில ரெண்டு தடவை. காஞ்ச இலையை ரெண்டு மூணு இஞ்சுக்கு மூடாக்கா போட்டு வைங்க, தண்டை ஒட்டி மட்டும் போடாதீங்க. மதியம் இளம் இலை தொங்குறதைப் பாத்து பதறி தண்ணி ஊத்த வேணாம், சாயங்காலம் நிமிர்ந்துச்சுன்னா ஒண்ணுமில்ல, விரலை மண்ணுக்குள்ள விட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. உரம்னு பாத்தா வருஷத்துக்கு ரெண்டு தடவை தூருக்கு ரெண்டு மூணு கை கம்போஸ்ட், அவ்வளவுதான்.

பால் விஷயம் உண்மைதான்மா. வெட்டுனா பால் வடியும், சில பேருக்கு தோல் அரிக்கும், வாயில பட்டா எரியும், துணியில பட்டா கறை போகாது. வருஷத்துக்கு ஒரு தடவை கணுவுக்கு மேல லேசா கவாத்து பண்ணும்போது கையுறை போட்டுக்குங்க, முடிஞ்சதும் சோப்பு போட்டு கழுவுங்க, கண்ணுல கைய வைக்காதீங்க. தவழ்ற குழந்தையோ, இலையைக் கடிக்கிற நாய் பூனையோ வீட்டுல இருந்தா மட்டும் குரோட்டன்ஸை விட்டுட்டு ஊதா இலை எராந்தமம் வைங்க, அதுல பால் வராது, உங்க வெயிலும் அதுக்கு ஒத்துக்கும், ஆனா கொஞ்சம் வேகமா வளரும், வருஷத்துல ரெண்டு மூணு தடவை வெட்ட வேண்டியிருக்கும்.

காத்து வறண்டு அடிக்கிற காலத்துல செம்பேன் வரும், இலை மங்கலா தூசி படிஞ்ச மாதிரி இருக்கும், அடியில மெல்லிசா நூலாம்படை தெரியும். தண்ணி விடுற அன்னைக்கே ஹோஸ் பைப்பால இலைக்கு அடிப்பக்கம் வேகமா பீச்சி அடிச்சா முக்கால்வாசி போயிரும். மிஞ்சுனா, இல்ல மாவுப்பூச்சி தெரிஞ்சா, ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேத்து நல்லா கலக்கி சாயங்காலமா தெளிங்க, வெயில்ல தெளிச்சா இலை கருகும், வாரம் ஒண்ணா ரெண்டு மூணு வாரம் விடாம தெளிக்கணும்.